படங்கு தந்த அண்ணனுக்கு

வீதி வேலையில் மண் வெட்டும்போது வெளிப்பட்ட, கோப்பித் தோட்டக் காலத்துத் தொழிலாளரின் பழைய கல்லடுப்பைக் காக்க நின்ற அந்த மூன்று நாள்களை மறுபடி சொல்லப்போவதில்லை. இதை வாசிக்கும் பலர் எங்களோடு வெயிலில் நின்றவர்கள்தாம். அடுப்பு தப்பிவிட்டது. அளந்து, வரைந்து, சாம்பலை நேற்றுத்தான் பொதி செய்து அனுப்பினோம்.

கிராம அலுவலருக்கும், தொல்லியல் திணைக்களத்திலிருந்து விரைந்து வந்தவர்களுக்கும், காசு வாங்காமல் பிளேன்ரீ ஊற்றிய கடைக்கார அக்காவுக்கும், மண் அரித்துத் தந்த பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே கும்பிடு. கோபிக்க வேண்டாம், இந்த மடல் பெக்கோ என்ற மண்வெட்டும் இயந்திரத்தை ஓட்டிய அண்ணனுக்கு.

முதல்நாள் மாலை அவரிடம் நான் சண்டைக்குத்தான் போனேன். அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார். வாளியின் பல்லுக்கு இரண்டு முழம் தள்ளி மூன்று கற்கள், நடுவே கரிந்த மண். குந்தியிருந்து கல்லின் உட்புறத்தை விரலால் தடவினார்.

"காற்று வரும் பக்கத்தை அடைத்து வைத்திருக்கிறார்கள், தங்கச்சி. நாங்களும் இப்படித்தான் வைப்போம்."

காலையிலிருந்து படம் எடுத்துக்கொண்டிருந்த எனக்கு அது தோன்றவே இல்லை.

கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, ஆள் சேர்த்து அழைத்துவந்த கங்காணியின் பின்னால் மாத்தளை வரை ஏறக்குறைய 150 மைல் காட்டுவழி நடந்தவர்கள் நம்மவர்கள். பழம் பறித்து முடிந்ததும் பலர் அதே வழியே ஊர் திரும்பினார்கள். துரைமாரின் பங்களாக்களுக்கு வரைபடம் உண்டு. இவர்களுக்கு ஒரு சாண் சாம்பல், உடைந்த சட்டி ஓடுகள், அருகில் கிடைத்த 1870 என்று பொறித்த ஒரு சதக் காசு. அந்தக் காசை யார் தவறவிட்டுத் தேடினார்களோ!

அன்றிரவு மழை கொட்டியது. எல்லாம் கரைந்திருக்கும் என்றே விடியற்காலையில் ஓடினேன். அடுப்பின்மேல் நீலப் படங்கு, நான்கு மூலையிலும் கல். அது அவருடைய கூடாரத்தின் கூரை. கம்புகள் மட்டும் மொட்டையாக நின்றன. அரிசிப் பை நனைந்து ஊறியிருந்தது. அவர் இயந்திரத்துக்குள் உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறார்.

"எனக்குக் கதவு இருக்கிறதே" என்று கண்ணாடிக் கதவைத் தட்டிக் காட்டினார்.

இனி நான் போகும் இடங்களில் வீதி வேலைக்காரர்கள் கூடாரம் பிரித்துப் போன மறுநாளே அவர்கள் அடுப்புகளையும் அளந்து குறித்துவைப்பேன். நூறு வருடம் காத்திருக்கப்போவதில்லை.

அண்ணனின் தொலைபேசி இப்போது வேலை செய்யவில்லை. வேறு வீதிக்குப் போய்விட்டார் என்கிறார்கள். படங்கைக் கழுவிக் காயவைத்து மடித்து வைத்திருக்கிறேன். கண்டவர்கள் சொல்லுங்கள், மாரி தொடங்குமுன் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.