கட்டணம் தருகிறோம், கலக்காமல் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குப்பை எடுப்பதற்குக் கட்டணம் என்றாலே மக்கள் எதிர்ப்பார்கள் என்று பரவலாகப் பேசப்படுகிறது. வேலூரில் முப்பது ஆண்டுகளாகக் குடித்தனம் நடத்திவரும் எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் தெருவில் பெரும்பாலான வீடுகளில் மாதம் பிறந்ததும் குப்பை எடுப்பவர் கையில் முப்பதோ ஐம்பதோ கொடுக்கிறோம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தனி. சொற்பக் கூலிக்கு வெறுங்கையால் அள்ளுகிறவர் அதை வாங்கிக்கொள்வதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ரசீதில்லாமல் கொடுக்கும் பணத்துக்கு எந்தச் சேவையையும் உரிமையோடு கேட்க முடிவதில்லை.

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு (பழைய பேட்டரி, காலாவதியான மருந்து போன்றவை) என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்கும் கடமையையும், உள்ளாட்சி நிர்ணயிக்கும் பயனாளர் கட்டணத்தைச் செலுத்தும் கடமையையும் குடியிருப்போர்மீது சுமத்தின. பிரித்து வாங்குவது உள்ளாட்சியின் பொறுப்பு. என் மருமகள் பால் கவர்களைக் கழுவித் துணிக்கொடியில் காயப்போட்டு நீலக் கூடையிலும், காய்கறித் தோலைப் பச்சைக் கூடையிலும் போட்டுவந்தாள். ஒருநாள் வண்டியின் பின்னாலேயே தெருமுனைவரை நடந்து பார்த்தேன். இரண்டு கூடைகளும் ஒரே சாக்கில் கவிழ்ந்தன, காய்ந்த கவர்கள்மேல் ஊசிப்போன சாம்பார் வழிந்தது. செய்தி பரவியதும் பல வீடுகளில் பிரிப்பதையே விட்டுவிட்டார்கள். ஈரம் பட்ட காகிதத்தைப் பழைய பேப்பர்காரரும் வாங்க மாட்டார். பிளாஸ்டிக் கலந்த எருவை எந்த விவசாயியும் நிலத்தில் போட மாட்டார். கடைசியில் எல்லாமே மேடாகக் குவியும். சதுப்பேரிக் குப்பைமேட்டை அறிந்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வண்டி வரும் நேரமும் நிலையில்லை. ஒருநாள் ஏழு மணி, மறுநாள் பதினொன்று. வேலைக்குப் போகிறவர்கள் பையை முடிச்சிட்டுக் கால்வாய் ஓரம் வைத்துவிட்டுப் போக, மிச்சத்தை நாய்கள் பார்த்துக்கொள்கின்றன.

குறித்த நேரம், தனித்தனி அறை கொண்ட வண்டி, அச்சிட்ட ரசீது, வண்டி வராத நாள்களுக்குக் கட்டணத்தில் தள்ளுபடி: இவை நான்கும் இருந்தால் மாதம் நூறு ரூபாய் கொடுப்பதில் எங்களுக்குத் தயக்கமில்லை. வசூலை மட்டும் தொடங்கிவிட்டு, வண்டியைப் பிறகு பார்க்கலாம் என்றால் எதிர்ப்பு வரத்தான் செய்யும்.

சிகிச்சைக்காக வடமாநிலங்களிலிருந்து வந்து, வாரக்கணக்கில் லாட்ஜ் அறைகளில் சமைத்துச் சாப்பிடும் குடும்பங்கள் நம் ஊரில் ஏராளம். அந்தக் குப்பைக்கு லாட்ஜ் உரிமையாளர்களிடம் அறைக் கணக்கில் வசூலிப்பதே முறை. ஒரே வாசலில் நான்கு குடித்தனம் இருக்கும் வீடுகளில் கட்டணம் வீட்டுக்காரருக்கா, குடித்தனக்காரருக்கா என்பதையும் முன்கூட்டியே தெளிவுபடுத்திவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
வேலூர்.