வியாழக்கிழமை ராத்திரிகள்

ராஜபாளையம்,
8 ஜூன் 2025.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். தினமும் போனில் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம், கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் ஆரம்பித்தால் நீ "விடும்மா" என்பாய், நானும் சரி என்று விட்டுவிடுவேன். ஒரு வருடத்துக்கு மேலாக அப்படித்தான் விட்டுக்கொண்டு வருகிறேன். எழுதினால் நடுவில் யாரும் நிறுத்த முடியாது பார்.

போன மாதம் 29ஆம் தேதி, மாப்பிள்ளை வீடியோ கால் போட்டு போனை டிவிக்கு முன்னால் நிறுத்தி எனக்கு டார்ட்ஸ் ஃபைனல் காட்டினார், அதுதான், வட்டப் பலகையில் ஊசி எறிகிற ஆட்டம். நீ அதற்குள் தூங்கிவிட்டாயாம். இங்கே ராத்திரி இரண்டு மணிக்கு மேல் ஆகிவிட்டது. பக்கத்து வீட்டில் என்ன நினைத்தார்களோ, விளக்கைப் போட்டுக்கொண்டு போனுக்குள் கண்ணை நட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஹம்ஃப்ரீஸ் ஜெயித்துவிட்டார். அந்தப் பையன் லிட்லரை, 11க்கு 8. லீக் ஆட்டங்களில் 45 புள்ளி எடுத்து, இதுவரை யாரும் எடுக்காத கணக்கோடு லண்டனுக்கு வந்த பையன். அவனைக் கடைசி ராத்திரியில் தோற்கடித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாப்பிள்ளை, "அத்தை, நீங்க லிட்லர் பக்கம்னு நினைச்சேன்" என்றார். என்ன சொல்ல? நெட் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

நான் ஏன் ஹம்ஃப்ரீஸ் பக்கம் என்பதைத்தான் எழுத வந்தேன். அதற்கு முதலில் போன வருடத்துக்குப் போக வேண்டும்.

உன் பிரசவத்துக்கு நான் இங்கிலாந்தில், லீட்ஸில் வந்து இருந்த அந்த நான்கு மாதம் உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியவில்லை. எனக்கு ஒவ்வொரு வாரமும் ஞாபகம் இருக்கிறது. சின்னவன் பிறந்தது 2024 ஜனவரி 20. மறுநாள் அந்த லிட்லருக்குப் பதினேழு வயது. பிப்ரவரி 1, வியாழக்கிழமை, கார்டிஃபில் டார்ட்ஸ் பிரீமியர் லீக் ஆரம்பித்தபோது நம் வீட்டில் பதிமூன்றாம் நாள். சாயங்காலம் ஆறு மணி ஆனால் சின்னவன் வயிற்று வலி என்று வீறிட ஆரம்பிப்பான். நீ மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பாய். நான் அவனை மடியில் குப்புறப் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருப்பேன். மாப்பிள்ளை சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்து வைத்துவிட்டு டிவி பார்ப்பார். அந்த ஊர்க் குளிரில் வேறு எங்கே போக? நானும் பார்த்தேன்.

முதலில் சிரிப்புதான் வந்தது. வாழைப்பழ வேஷம் போட்டுக்கொண்டு ஆயிரக்கணக்கான பேர் பீர் குடித்துக் கத்துகிறார்கள். மேடையில் தொப்பையும் தொந்தியுமாக இரண்டு ஆண்கள் ஊசி எறிகிறார்கள். ஒருவர் தலையில் பச்சையும் சிவப்புமாகச் சேவல் கொண்டை. பீட்டர் ரைட்டாம். அவர் மனைவிதான் அந்த முடிக்குச் சாயம் போட்டுவிடுகிறாராம். இன்னொருவர், ராப் கிராஸ், முன்பு எலெக்ட்ரீஷியன். பிரைஸ் என்று ஒருவர், ரக்பி ஆடியவர். ஹம்ஃப்ரீஸ் கூரை வேலை பார்த்தவர். பார்த்தால் நம் கடைக்கு வந்து போகிற ஆட்கள் மாதிரியே இருந்தார்கள். அதனாலேயே கொஞ்சம் பிடித்துப்போனது.

அப்புறம் கணக்கு பிடித்துப்போனது. முப்பது வருடம் கடையில் சிட்டை போட்டவளுக்கு அது போதாதா? 501இல் ஆரம்பித்துக் கழித்துக்கொண்டே வந்து சரியாகச் சுழியத்தில் நிறுத்த வேண்டும். அதுவும் கடைசி ஊசி வெளி விளிம்பில் இருக்கிற அந்த ஒல்லிக் கோட்டுக்குள், டபுளில் (அங்கே விழுந்தால் எண் இரு மடங்கு), விழ வேண்டும். இல்லாவிட்டால் நடுப்புள்ளியில். ஒன்று கூடிப்போனாலும் அந்த முறை எடுத்ததெல்லாம் போச்சு. சத்தம் இல்லாததால் நான் திரையில் எண்ணைப் பார்த்து மனதுக்குள்ளேயே கழிப்பேன். 170 மிச்சம் என்றால் மூன்று ஊசியில் முடிக்கலாம்: இருபதின் மும்மடங்கு அறுபது, இன்னொரு அறுபது, நடுவில் ஐம்பது. 169 முடியாது. எப்படிப் போட்டாலும் வராது. அதை யாரும் சொல்லித்தராமல் நானே கண்டுபிடித்து மாப்பிள்ளையிடம் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

எல்லோரும் கடைசிக்கு 32 மிச்சம் வைக்க ஏன் ஆசைப்படுகிறார்கள் என்றும் புரிந்தது. டபுள் பதினாறில் குறி கொஞ்சம் உள்ளே தவறி விழுந்தால் 16 மிச்சம், அப்போது டபுள் எட்டு. அதுவும் தவறினால் டபுள் நான்கு. அப்புறம் இரண்டு, அப்புறம் ஒன்று. படி, அரைப்படி, கால்படி, ஆழாக்கு என்று உங்கள் தாத்தா அளந்த மாதிரி. பாதி பாதியாகக் குறைந்தாலும் கை விட்டுப் போகாது. எந்தக் கடைக்காரன் இந்த எண்களை எல்லாம் வட்டமாக அடுக்கினானோ, பலே கெட்டிக்காரன். இருபதுக்கு இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஒன்று. பெரிய லாபத்துக்குப் பக்கத்திலேயே பெரிய நஷ்டம்.

பலகையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மாப்பிள்ளை கராஜில் மாட்டியிருந்ததைத் தொட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது மரமே இல்லை. கற்றாழை நார்! நம் ஊரில் ரயில் தண்டவாளத்து ஓரம் நிற்குமே, அந்த மாதிரிக் கற்றாழையின் நாரை இறுக்கிக் கட்டி வெட்டியிருக்கிறார்கள். ஊசியைப் பிடுங்கியதும் நார் தானாகக் கூடிக்கொள்கிறது. விரலால் தடவினேன், ஓட்டையே தட்டுப்படவில்லை.

சரி, லீக்குக்கு வருகிறேன். எட்டுப் பேர். பதினாறு வியாழக்கிழமை, ஒவ்வொரு வாரமும் ஒரு ஊர். கார்டிஃப், பெர்லின், கிளாஸ்கோ என்று மூட்டை முடிச்சோடு போகிறார்கள். அன்றைக்கு ராத்திரியே கால் இறுதி, அரை இறுதி, இறுதி எல்லாம் முடிந்துவிடும். ஜெயித்தவருக்கு ஐந்து புள்ளி, இரண்டாவது வந்தவருக்கு மூன்று, அரை இறுதியில் தோற்றவர்களுக்கு இரண்டு. முதல் ஆட்டத்திலேயே தோற்றால் ஒன்றும் கிடையாது, அடுத்த வியாழன் வேறு ஊரில் பார்த்துக்கொள். கடைசியில் முதல் நான்கு பேர் மட்டும் லண்டனுக்கு. ஆரம்பத்தில் அந்த மொட்டைத்தலை ஹாலந்துக்காரர் வான் கெர்வன் கைதான் ஓங்கி இருந்தது. ஏழு தடவை இந்தப் பட்டம் வாங்கியவராம். லிட்லர் முதன்முதலாக ஒரு ராத்திரியை ஜெயிக்க மார்ச் 28, பெல்ஃபாஸ்ட் வரை ஆனது. ஒன்பதாவது வாரம். அதற்குள் சின்னவன் சிரிக்கவே ஆரம்பித்துவிட்டான்.

ஊரே லிட்லரைப் பற்றித்தான் பேசியது. உன் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அவனைத்தான் கேட்டார்கள். அந்த ஜனவரியில் உலகப் போட்டி ஃபைனலில் அவனை 7க்கு 4 என்று ஜெயித்தது ஹம்ஃப்ரீஸ். ஆனால் ஜெயித்தவரை யாரும் கண்டுகொள்ளவில்லை. கடையில் வியாபாரம் நல்லபடி நடந்தால் யார் பேசுகிறார்கள், அது போல என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரியில் ஒரு வியாழன். எந்த ஊர் ஆட்டம் என்பது மறந்துவிட்டது. ஹம்ஃப்ரீஸ் மேடைக்கு வந்து நின்றார். மாப்பிள்ளை சொன்னார்: "அத்தை, இவருக்குச் சில வருஷம் முன்னால மேடையில நிக்கும்போதே நெஞ்சு படபடன்னு அடிச்சு பயம் வந்துடுமாம். ஆட்டத்தையே விட்டுடலாம்னு இருந்தாராம். அப்புறம் வெளியே சொல்லி, உதவி தேடி, மீண்டு வந்திருக்கார்." நான் திரையைப் பார்த்தேன். வெள்ளை முகம், அமைதியாக ஊசியை விரலில் உருட்டிக்கொண்டு நின்றார். "ஐயோ பாவம், நல்ல பிள்ளை" என்றேன். நான் சொன்ன வார்த்தை அதுதான்.

அதே வாரம் செவ்வாய்க்கிழமை, வீட்டுக்கே வந்து தாயையும் குழந்தையையும் பார்க்கிற நர்ஸ், அந்த ஹெல்த் விசிட்டர் பெண் வந்தாள். குழந்தையை எடை போட்டாள், அப்புறம் உன் கையில் ஒரு தாளைக் கொடுத்தாள். பிள்ளை பெற்றவளுக்கு மனசு எப்படி இருக்கிறது என்று பத்துக் கேள்வி. நீ அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாய். அவளுக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் நான் அவள் முன்னாலேயே சொன்னேன்: "எல்லாத்துக்கும் ஒண்ணுமில்லைன்னு போட்டுக் கொடு. ஊரான்கிட்ட சொல்ற விஷயமா இது? நாங்கெல்லாம் பெத்து வளர்க்கலையா?" நீ ஒன்றும் பேசவில்லை. பேனாவை வாங்கி மடமடவென்று டிக் அடித்துக் கொடுத்தாய். அவள் சிரித்துக்கொண்டே போனாள். நான் பூண்டு உரிக்கப் போனேன்.

இரண்டு நாள் கழித்து முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரப் பிள்ளைக்கு ஐயோ பாவம் என்றேன். நீ தலைக்கு மேலே, மாடியில், கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாய். உனக்கு நான் சொல்லவில்லை.

நீ ஏப்ரலில் நீயாகவே டாக்டரிடம் போனது எனக்குத் தெரியும். தடுப்பூசி விஷயம் என்று சொல்லிவிட்டுப் போனாய். மாத்திரை டப்பா குளியலறை அலமாரியில் துண்டுக்குப் பின்னால் இருந்தது. பார்த்தேன். கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன். பயம்தான் பாப்பா, வேறொன்றும் இல்லை. என்னைப் பார்த்துத்தானே அந்தத் தாளில் டிக் அடித்தாய் என்ற பயம்.

மே மாதம் லீட்ஸுக்கே ஆட்டம் வந்தபோது மாப்பிள்ளையை ஆபீஸ் நண்பர்களோடு போகச் சொல்லி நான்தான் பிடித்துத் தள்ளினேன். அன்றைக்கு நீ கீழே இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். ஞாபகம் இருக்கிறதா? டிவியில் மாப்பிள்ளை தெரிகிறாரா என்று இரண்டு பேரும் தேடினோம். எல்லோரும் ஒரே மாதிரி தொப்பி. "எப்படிம்மா இவ்ளோ வேகமா கழிக்கிற?" என்றாய். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சின்னவன் அழுதான், எழுந்து போய்விட்டேன்.

மே 23 லண்டன் ஃபைனல் பற்றி உனக்கே தெரியும். ஹம்ஃப்ரீஸ் வான் கெர்வனை 10க்கு 5 என்று வீழ்த்திவிட்டு வந்தார். ஃபைனலில் லிட்லர் ஒன்பதே ஊசியில் 501ஐ முடித்துக் காட்டினான். 180, 180, 141. அதற்கு மேல் வேகமாக முடிக்கக் கணக்கிலேயே இடமில்லை. 11க்கு 7. பதினேழு வயதில் 2,75,000 பவுண்டு. நம் காசில் மூன்று கோடிக்குக் கொஞ்சம்தான் குறைவு என்று நான் பெருக்கிச் சொல்ல, மாப்பிள்ளை எழுந்து நின்று கைதட்டினார். நான் ஹம்ஃப்ரீஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பையனைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினார். அடுத்த வாரம் நான் ஊருக்கு விமானம் ஏறிவிட்டேன்.

இந்த வருடம் பிப்ரவரியில் பெல்ஃபாஸ்ட்டில் முதல் வியாழனே ஹம்ஃப்ரீஸ் ஜெயித்தார் என்று மாப்பிள்ளை மெசேஜ் போட்டார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை காலையில் பால் வாங்கியதும் போனைத்தான் பார்ப்பேன். இப்போது புரிகிறதா, 29ஆம் தேதி ஏன் அழுதேன் என்று?

அன்றைக்கு நான் உன்னிடம் சொன்னது தப்பு. உன் பாட்டி எனக்குச் சொன்னதை அப்படியே எடுத்து உன்னிடம் சொன்னேன். நீ பிறந்தபோது எனக்கும் இரண்டு மாதம் அப்படித்தான் இருந்தது, யாரிடமும் சொன்னதில்லை. உன் அப்பாவிடம்கூட. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

நவம்பருக்கு இன்னும் ஐந்து மாதம். விசாவுக்கு ஆகஸ்டில் எழுதிப்போடலாம் என்று மாப்பிள்ளை சொன்னார். அக்டோபர் கடைசியில் வந்தால் ஏப்ரல் வரை இருக்கலாம், வியாழக்கிழமைகள் தொடங்கும்போது நானும் அங்கே இருப்பேன். பிரசவ மருந்துக்குச் சுக்கு, திப்பிலி எல்லாம் இப்போதே வெயிலில் காயவைத்து எடுத்துவிட்டேன். மாப்பிள்ளையிடம் கராஜில் இருக்கிற பலகையை இன்னும் உயரத்தில் மாட்டச் சொல், சின்னவன் இப்போது எல்லாவற்றையும் பிடித்து ஏறுகிறான். ஊசிகளைப் பூட்டி வைக்கட்டும்.

அந்தப் பெண் மறுபடி தாளோடு வருவாள் இல்லையா? அவள் வருகிற அன்றைக்கு நான் சின்னவனைத் தூக்கிக்கொண்டு பார்க்குக்குப் போய்விடுகிறேன். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. திரும்பி வந்து என்ன எழுதினாய் என்று கேட்க மாட்டேன். சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

அன்புடன்,
அம்மா