அந்த தெர்மாகோல் செட்டை வித்தது நான்தான்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் மாணவர் பக்கத்துல சயின்ஸ் எக்ஸிபிஷன் போட்டோ போட்டு, "சூரியக் குடும்பத்தைத் தன் கையாலேயே செய்து அசத்திய மாணவி"ன்னு எழுதியிருந்தீங்க. அது எந்தக் கைன்னு காரைக்குடியில ஸ்டேஷனரி கடை வச்சிருக்க எனக்குத் தெரியாதா? முதல் நாள் ராத்திரி ஷட்டரை இறக்குற நேரத்துல அவங்க அப்பா வாங்கிட்டுப் போன ரெடிமேட் செட்டு அது, சனி வளையத்துல விலை ஸ்டிக்கரைக்கூட பிய்க்கல, உங்க போட்டோலயே தெரியுது, கண்ணாடி போட்டுப் பாருங்க. பிள்ளைய சொல்லல, அது என்ன பண்ணும் பாவம்.

எனக்கு யாவாரம்தான், வேணாம்னா சொல்லப்போறேன்? ஆனா அந்த செட்டுல பூமியும் வியாழனும் கிட்டத்தட்ட ஒரே சைஸ் உருண்டை, எல்லாம் கம்பியில பக்கத்துப் பக்கத்துல தொங்கும். சூரியனுக்குக் குறுக்கால 109 பூமிய வரிசையா வைக்கலாம்னு உங்களுக்குத் தெரியாததில்ல. பேரப்புள்ளைகளுக்கு நான் பைசா செலவில்லாம காட்டுனேன். எங்க வீட்டு முகப்புல ஃபுட்பால், அதான் சூரியன், அங்கருந்து 24 மீட்டர் டேப்பைப் புடிச்சுட்டே வந்தா நடு முற்றத்து வளவைத் தாண்டி பின்னால ரெண்டாங்கட்டுல நிக்கிறோம், அங்க ஒரு கடுகு, அதான் பூமி. நெப்டியூன் எங்கன்னு கேட்டுச்சு சின்னது. 700 மீட்டருக்கு மேல போகணுமே, ஊரணிக்கரை வரைக்கும் நடந்தோம். இதெல்லாம் எக்ஸிபிஷன் மேஜைல அடங்காது, அதனால பரிசும் கிடையாது.

புளூட்டோவ கிரகப் பட்டியல்லருந்து 2006-லயே எடுத்தாச்சு, இன்னும் ஒன்பது உருண்டை இருக்கான்னு எண்ணிப் பாத்து வாங்குறாங்க. 2019 டிசம்பர் 26 கிரகணத்துக்கு புதுக்கோட்டைப் பக்கமெல்லாம் சூரியன் வளையமாத் தெரிஞ்சுச்சு, எங்க தெருவுல புள்ளைகள உள்ள வச்சு கதவ சாத்திட்டாங்க. அட்டையில ஊசி ஓட்டை போட்டா தரையில குட்டி வளையமா விழும், அதை முன்கூட்டியே எழுதுங்கன்னு அப்பவே உங்களுக்கு லெட்டர் போட்டேன். நீங்க போட்டது எந்தெந்த நட்சத்திரக்காரங்க பரிகாரம் பண்ணணும்னு. சந்தோஷம்.

இப்ப கேக்குறது சின்ன விஷயம். எங்க பக்கம் ஏப்ரல் நடுவுலயும் ஆகஸ்ட் கடைசிவாக்குலயும் மதியம் 12.15 வாக்குல சூரியன் நேர் உச்சிக்கு வரும், முற்றத்துல நட்ட கம்புக்கு நிழலே விழாது. நீங்க அதை மறுநாள் போட்டோவோட போடுறீங்க, முடிஞ்ச கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கிற மாதிரி. ஊர்வாரியா தேதிய ஒரு வாரம் முன்னாடி நாலு வரியில போடுங்க. ராசிபலன்ல கை வைக்கச் சொல்லல, வரி விளம்பரத்துக்குப் பக்கத்துல இடம் இருந்தாக்கூடப் போதும்.

இப்படிக்கு,
ஸ்டேஷனரி கடைக்காரர், காரைக்குடி