காணிக்கைக்கு முன்னால் கூலி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடவுளின் நீதியைப் பற்றி உங்கள் ஆன்மிகப் பக்கத்தில் வந்த கட்டுரையை வாசித்தேன். கடைசி நாளில் நல்லவர்களும் தீயவர்களும் பிரிக்கப்படுவார்கள், அநியாயம் செய்தவர் எவரும் தப்ப முடியாது என்று அதை எழுதியவர் சொல்லியிருந்தார். அதை நானும் விசுவாசிக்கிறேன். ஆனால் கட்டுரையைப் படித்து முடிப்பவருக்கு, அந்த நாள் வரும்வரை கடவுளின் நீதிக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை என்றுதான் தோன்றும். நான் வாசிக்கும் வேதாகமத்தில் அந்த நீதி அத்தனை நாள் பொறுத்திருப்பதில்லை. பொழுது சாய்வதற்குள் கணக்குக் கேட்கிறது.

நான் கட்டட ஒப்பந்த நிறுவனங்களில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். கூலிப் பதிவேடும் வவுச்சர் கட்டும்தான் என் வேலை. அதனாலோ என்னவோ, சபையில் அதிகம் பிரசங்கிக்கப்படாத ஒரு வசனம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. கூலிக்காரனைப் பற்றி உபாகமம் 24:15 இப்படிச் சொல்கிறது: "அவன் வேலைசெய்த நாளில்தானே, பொழுதுபோகுமுன்னே, அவன் கூலியை அவனுக்குக் கொடுத்துவிடவேண்டும், அவன் ஏழையும் அதின்மேல் ஆவலுமாயிருக்கிறான்." கொடு என்று கட்டளையிட்டதோடு கடவுள் நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாங்குகிறவனுடைய மனசுக்குள் போய், அவன் எப்படி அந்தக் காசை எதிர்பார்த்திருக்கிறான் என்பதையும் சேர்த்துச் சொல்கிறார். யாத்திராகமம் 22-ஆம் அதிகாரத்திலும் இப்படித்தான். ஏழையின் போர்வையை அடகு வாங்கினால் சூரியன் மறையுமுன் திருப்பிக் கொடுத்துவிடு என்கிறார். அது இல்லாமல் அவன் எதைப் போர்த்திக்கொண்டு படுப்பான் என்று கேட்கிறார். வானத்தையும் பூமியையும் படைத்தவர் ஒரு மனிதனுடைய ஒற்றைப் போர்வைக்காக வாதாடுகிறார். இரண்டு இடங்களிலும் எச்சரிக்கை ஒன்றுதான்: அவன் கர்த்தரை நோக்கி முறையிடுவான். நான் கேட்பேன் என்றும் யாத்திராகமத்தில் சொல்கிறார். எகிப்தில் செங்கல் அறுத்தவர்களின் கூக்குரலைக் கேட்டு இறங்கி வந்த கடவுள், அந்த மக்களுக்குச் சட்டம் கொடுக்கும்போதும் காதைத் திறந்தே வைத்திருந்தார்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இதற்கு நேர் எதிரானதை என் மேசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நான் வேலை பார்த்த ஓரிடத்தின் முதலாளி ஜெபிக்கிறவர், சபையில் முன்வரிசைக்காரர். கூலி நாள் வந்தால் "அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்" என்பார். அடுத்த வாரமும் அதையே சொல்வார். சித்தாள் வேலை செய்த பெண்கள் அலுவலக வாசலில் நிற்பார்கள். "ஐயா, இன்னைக்காவது உண்டா?" என்று கேட்பார்கள், கோபமே இல்லாமல் கேட்பார்கள். அப்படி நிலுவை நின்ற ஒரு வாரத்தில்தான், சபையின் கட்டட நிதிக்குப் பெரிய தொகைக்கு ஒரு காசோலை எழுதச் சொன்னார். பிரதிஷ்டை ஆராதனை அன்று அவர் பெயரை வாசிப்பார்களாம்.

"ஐயா, இந்தத் தொகையில் ஆட்களுடைய பாக்கி முழுவதும் தீர்ந்துவிடும்" என்றேன்.

"கர்த்தருக்குக் கொடுப்பதை நிறுத்தச் சொல்கிறாயா?" என்று கேட்டார்.

"ஆமாம் ஐயா, இதைக் கொடுத்து முடிக்கிறவரைக்கும்" என்றேன்.

அவருக்கு அது பிடிக்கவில்லை. வியாபாரம் வேறு, பக்தி வேறு என்றார். காசோலை சபைக்குப் போனது. ஆட்களுக்குப் பாக்கி பிறகு, துண்டு துண்டாகப் போனது.

வியாபாரம் வேறு, பக்தி வேறு என்ற அந்த ஒரு வாக்கியத்தை எதிர்த்துத்தான் தீர்க்கதரிசிகள் அத்தனை பேரும் பேசினார்கள் என்பது என் உறுதியான எண்ணம். எரேமியா 22-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். யோயாக்கீம் ராஜா காற்றோட்டமான மேலறைகளோடு, கேதுருப் பலகை பதித்து, சிவப்பு வர்ணம் பூசி அரண்மனை கட்டுகிறான். வேலை செய்தவர்களுக்குக் கூலி இல்லை. எரேமியா அவனுக்கு ஐயோ என்கிறார். கூடவே அவன் தகப்பன் யோசியாவை நினைவுபடுத்துகிறார். யோசியாவும் ராஜாதான், அவனும் புசித்துக் குடித்து வாழ்ந்தவன்தான். ஆனால் அவன் "சிறுமையும் எளிமையுமானவனுடைய நியாயத்தை" விசாரித்தான். அடுத்து வருகிற வரியை நான் எத்தனை முறை வாசித்தாலும் அது என்னை உலுக்குகிறது: அப்படிச் செய்வதல்லவோ என்னை அறிகிற அறிவு என்று கர்த்தர் சொல்லுகிறார். கடவுளை அறிவது என்றால் என்ன என்று நாம் எத்தனை வகுப்புகள் நடத்துகிறோம்! எரேமியா அதற்கு ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லிவிட்டார்.

ஆமோஸ் இன்னும் கடுமை. பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று என்று கடவுளே சொல்வதாக அவர் எழுதுகிறார். அந்தப் பாட்டில் ராகம் பிசகவில்லை. பாடியவர்கள் ஊர் வாசலில், அதாவது அன்றைய நீதிமன்றத்தில், ஏழையின் வழக்கைப் புரட்டினார்கள். "நியாயம் தண்ணீரைப்போலவும், நீதி வற்றாத நதியைப்போலவும் புரண்டு வரக்கடவது" என்ற வசனத்தை நாம் சுவரில் எழுதி மாட்டுகிறோம். அதற்கு முந்தின வசனத்தைத் தொடுவதில்லை.

சட்டப்படி எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்கிறவர்களும் உண்டு. முழுத் தொகைக்குக் கைநாட்டு வாங்கிக்கொண்டு குறைத்துக் கொடுப்பதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். காகிதத்தில் ஒரு குறையும் இராது. ஆகாப் ராஜாவுக்காக நாபோத் என்பவனைக் கொன்று அவன் திராட்சத்தோட்டத்தைப் பறித்தபோதும் காகிதம் சரியாகத்தான் இருந்தது. 1 இராஜாக்கள் 21-ஐ வாசித்துப் பாருங்கள்: ராஜாவின் முத்திரை இருந்தது, இரண்டு சாட்சிகள் இருந்தார்கள், உபவாசம்கூடக் கூறப்பட்டது. தீர்க்கதரிசி எலியா வந்து முத்திரையைச் சோதிக்கவில்லை. நீ கொலைசெய்ததும் எடுத்துக்கொண்டதும் இல்லையோ என்று நேராக ஆகாபிடம் கேட்டார்.

கணக்கு எழுதுகிறவனுக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1720-இல் பிறந்த ஜான் உல்மன் என்ற குவேக்கரை (குவேக்கர் என்பது ஒரு கிறிஸ்தவ சபைப் பிரிவு) நான் மிகவும் மதிக்கிறேன். கடை ஒன்றில் கணக்கு எழுதும் வேலையில் இருந்தார். முதலாளி ஒருநாள் ஓர் அடிமைப் பெண்ணை விற்று, அதற்கான விற்பனைப் பத்திரத்தை எழுதச் சொன்னார். உல்மன் எழுதினார், ஆனால் அடிமை வைத்திருப்பது கிறிஸ்தவ மார்க்கத்துக்கு ஒவ்வாதது என்று முதலாளியிடமும் வாங்கினவரிடமும் சொன்னார். பிற்பாடு உயில் எழுதித் தரும்படி வந்தவர்களிடம், அடிமைகளைப் பிள்ளைகளுக்கு எழுதிவைக்கும் பகுதியை எழுத மறுத்தார். ஒருவர் அவரோடு பேசிப் பார்த்து, அந்த அடிமையை விடுவிக்கவே சம்மதித்தார். பயணங்களில் அடிமைகள் பணிவிடை செய்த வீடுகளில் தங்கினால், அவர்களுக்கு உரியதைக் காசாகக் கொடுத்துவிட்டுப் போனார். 1758-இல் பிலடெல்பியா குவேக்கர்களின் வருடாந்தரக் கூட்டம் அடிமைகளை விடுவிக்கும்படி தன் உறுப்பினர்களை வற்புறுத்தியதில் அவர் பேச்சுக்குப் பெரிய பங்கு உண்டு. 1776-இல், அவர் இறந்து நாலு வருடம் கழித்து, அடிமை வைத்திருப்பவருக்குச் சபையில் இடமில்லை என்றே அந்தக் கூட்டம் முடிவு செய்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஏன் என்று பணிவாகச் சொன்ன ஒரு குமாஸ்தா அவர்.

இனி, என் சபையாரே சொல்லும் மறுப்புக்கு வருகிறேன். "நாம் கிரியைகளினால் அல்ல, விசுவாசத்தினாலே நீதிமான்களாக்கப்படுகிறோம். நீங்கள் மோசேயின் நியாயப்பிரமாணத்தைத் திரும்பக் கொண்டுவருகிறீர்கள்" என்கிறார்கள். விசுவாசத்தினாலே என்பதில் எனக்குச் சந்தேகம் துளியும் இல்லை. என் நம்பிக்கையும் அதுதான். ஆனால் வரி வசூலிப்பவனான சகேயுவின் வீட்டுக்கு இயேசு வந்தபோது என்ன நடந்தது? தவறை ஒத்துக்கொண்டு திருப்பிக் கொடுப்பவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும் என்கிறது எண்ணாகமம் 5:7. நூறு எடுத்தவன் நூற்றிருபது கொடுக்கலாம். சகேயு நாலத்தனையாய்க் கொடுக்கிறேன் என்றான், நானூறு. ஆடு திருடியவனுக்குச் சட்டம் விதித்த தண்டனைக் கணக்கை அவன் யாரும் கேளாமலே தன்மேல் போட்டுக்கொண்டான். இயேசு அவனிடம் ரொக்கம் கேட்கவில்லை, அவன் வீட்டில் தங்க வேண்டும் என்று மட்டும்தான் சொன்னார். கிருபை வாசலுக்குள் வந்ததும் அவன் பெட்டி தானாகத் திறந்தது.

சிலுவையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மன்னிப்பு என்றால் கடனே இல்லை என்று கோடு போட்டு அடித்துவிடுவது என்று பலர் நினைக்கிறார்கள். பிலேமோனின் அடிமையான ஒநேசிமுக்காகப் பிலேமோனுக்கு எழுதிய கடிதத்தில் பவுல் கடனை மறைக்கவில்லை. "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்கிறார். நான் அதைச் செலுத்தித் தீர்ப்பேன் என்று தன் கையாலே எழுதுகிறார். கிறிஸ்து நமக்காகச் செய்ததை இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் விளக்கியதில்லை. கடவுள் நம் அநியாயத்தை ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை. அதன் முழுத் தொகையையும் தாமே சுமந்தார். அந்தக் கணக்கில் விடுதலை பெற்ற ஒருவர், சித்தாளின் வாரக் கூலியை நிறுத்திவைத்துக்கொண்டு எப்படிக் கர்த்தருடைய பந்தியில் வந்து உட்கார முடியும்? கூலி பிடித்து வைக்கப்பட்டால் அந்தக் கூலியே கூக்குரலிடுகிறது என்கிறார் யாக்கோபு (5:4). போப் 13-ஆம் லியோ 1891-இல் தொழிலாளர் நிலை பற்றி எழுதிய சுற்றுமடல், உரிய கூலியை மறுப்பது வானத்தை நோக்கிக் கூப்பிடும் குற்றம் என்று இதே வசனத்தைக் காட்டித்தான் சொன்னது. நான் கத்தோலிக்கன் அல்ல. ஆனால் அந்த இடத்தில் ஆமென் சொல்கிறேன்.

முதலாளிகள் பக்கமும் நியாயம் பேச வேண்டும். லேவியராகமம் 19:15 சிறியவனுக்கும் முகதாட்சிணியம் கூடாது என்கிறது. வேலை வாங்கியவர் பணம் தராமல் இழுத்தால் சிறு ஒப்பந்தக்காரர் என்ன செய்வார்? உண்மையிலேயே கையில் இல்லாத நேரங்கள் உண்டு. நான் எழுதிய பேரேடுகளிலேயே அதைப் பார்த்திருக்கிறேன். அப்போது ஆட்களைக் கூட்டி, இருப்பு இவ்வளவு, வர வேண்டியது இவ்வளவு, இந்த நாளில் தருகிறேன் என்று சொல்லிவிடலாம். தன் வீட்டுச் செலவுக்கு எடுப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். அப்படி நடந்துகொண்ட ஒருவரிடமும் நான் வேலை பார்த்தேன். அவரிடம் ஆட்கள் பொறுத்துக்கொண்டார்கள், விட்டுப் போகவில்லை.

முதலாளிகளைச் சொல்லிவிட்டுச் சபையை விட முடியாது. சபையும் ஒரு முதலாளிதான். ஆலயத்தைப் பெருக்குகிறவர், மணி அடிக்கிறவர், இரவுக் காவலர், சபை நடத்தும் பள்ளியில் தற்காலிகமாக வேலை செய்யும் ஆசிரியை, இவர்களிடமெல்லாம் "ஊழியம் என்று நினைத்துக்கொள்" என்று சொல்லும் வழக்கம் பரவிக்கிடக்கிறது. அவர்கள் மனமுவந்து ஊழியமாக நினைக்கட்டும். வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரனாயிருக்கிறான் என்று 1 தீமோத்தேயு 5:18 சபைக் காரியத்தைப் பற்றித்தான் எழுதப்பட்டது.

உங்கள் கிறிஸ்தவ வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் சபையின் வருடாந்தரக் கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கும்போது எழுந்து நின்று மூன்று விஷயம் கேளுங்கள். நம்மிடம் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் மாதச் சம்பளம் எந்தத் தேதியில் கொடுக்கப்படுகிறது? யாருக்காவது பாக்கி நிற்கிறதா? புதுக் கட்டடத்தைக் கட்டிய கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் ஒப்பந்தக்காரர் முழுக் கூலி கொடுத்தாரா என்று நம்மில் யாராவது விசாரித்தோமா? பதில் வராவிட்டால், வருகிறவரைக்கும் கட்டட நிதி உறையை நிரப்பாமல் வைத்திருங்கள். அந்தப் பணத்தைச் செலவழித்துவிடாமல் தனியாக எடுத்து வையுங்கள், யாருக்காவது பாக்கி நின்றால் அதற்குத் தேவைப்படும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்