ஐந்தாவது கிட்டார் வாங்குவதற்கு முன்

கடலூர் முதுநகர்

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை போனில் இன்னொரு கிட்டார் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னாய். விலை குறைவு, தள்ளுபடி முடிவதற்குள் வாங்கிவிட வேண்டும் என்றாய். நானும் சரி சரி என்று கேட்டுக்கொண்டேன். போனில் பேசித் தீர்க்கிற விஷயமாக எனக்கு அது படவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பணத்தைப் பற்றிப் பேச வரவில்லை. உன் சம்பளம், உன் ஆசை. மரவேலை செய்கிற வீட்டில் பிறந்த பெண் மரத்திலிருந்து பாட்டு எடுக்கிறாள் என்று பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் இப்போதெல்லாம் புதிதாக என்ன வாசிக்கிறாய் என்று கேட்டால், புதிதாக என்ன வாங்கலாம் என்றுதான் பேச்சு போகிறது. எனக்குக் கவலை அதில்தான்.

நீ இங்கே விட்டுப்போன மூன்றையும் போன வாரம் பட்டறை மேசையில் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒலித்துளையின் விளிம்பில் விளக்கைப் பிடித்துப் பார், மேல்பலகை முழுப்பலகையா பிளைவுட்டா என்று தெரிந்துவிடும். மேலே ஓடுகிற ரேகை விளிம்பில் அப்படியே தொடர்ந்து கீழே இறங்கினால் அது முழுப்பலகை. அடுக்கு அடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். மூன்றும் பிளைவுட்தான். புனேவில் உன்னிடம் இருப்பதும், இப்போது பார்த்து வைத்திருப்பதும் அந்த விலைக்கு அநேகமாக அதேதான். பிளைவுட் என்றால் மட்டம் என்று நினைத்துவிடாதே. உன் முதல் கிட்டார், அந்த யமஹா எஃப் 310, மேலே ஸ்ப்ரூஸ் மரம் ஒட்டிய பிளைவுட். இந்த உப்புக்காற்றிலும் ஐப்பசி ஈரத்திலும் இத்தனை வருஷம் உப்பாமல், வளையாமல் நிற்கிறது. முழுப்பலகை இவ்வளவு தாங்கியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

வடிவமும், இரண்டாவதாக வாங்கிய 38 அங்குலச் சின்னக் கிட்டார் தவிர, ஒன்றுதான். அந்த அகன்ற இடுப்புக் கிட்டாரை 1916-இல் அமெரிக்காவில் மார்ட்டின் கம்பெனிக்காரர்கள் டிட்சன் என்ற கம்பெனிக்காகச் செய்தார்கள். அதற்கப்புறம் உலகம் முழுக்க அதைப் பார்த்துத்தான் செய்கிறார்கள். ஒரே மாதிரிப் பலகை, ஒரே மாதிரி வடிவம், கம்பியின் நீளமும் ஏறக்குறைய ஒன்று. ஐந்தாவது எடுத்து மடியில் வைத்தால் மட்டும் வேறு என்ன சத்தம் வரும்?

நீ ஒவ்வொன்று வாங்கும்போதும் ஒரு காரணம் சொன்னாய். எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. முதல் கிட்டாரில், ஒரே விரலால் பல கம்பிகளை அமுக்குகிற எஃப் கார்டு பிடிக்க முடியவில்லை, விரல் வலிக்கிறது என்று இரண்டாவது வாங்கினாய். இரண்டாவதில் சுதி நிற்கவில்லை என்று மூன்றாவது. மூன்றாவதில் சத்தம் மந்தம் என்று நான்காவது. பிரித்துப் பார்த்தபோது தெரிந்தது பாப்பா, அந்தக் காரணம் ஒவ்வொன்றும் ஒரு சின்ன ரிப்பேர் வேலை.

எஃப் கார்டு வலித்ததற்கு உன் விரலைக் குறை சொல்லாதே. கழுத்தின் உச்சியில் கம்பிகளைத் தாங்குகிற சின்னத் துண்டான நட்டில், கம்பி உட்காரும் பள்ளம் போதிய ஆழம் இல்லை. முதல் ஃபிரெட்டிலேயே, வீணையில் மெட்டு என்கிறோமே அந்தக் குறுக்குப் பட்டையிலேயே, கம்பி உயரத்தில் நின்றால் எஃப் எப்படி அமுங்கும்? பன்னிரண்டாவது ஃபிரெட்டில் அளந்தேன், தடித்த கம்பிக்குக் கீழே மூன்றரை மில்லிமீட்டர். இரண்டரை போதும். ஒரு மில்லிமீட்டர் இறக்க வேண்டுமென்றால் கீழே பிரிட்ஜ் கட்டையில் கம்பிகளைத் தாங்குகிற மெல்லிய பட்டையான சேடிலில் இரண்டு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும், ஏனென்றால் பன்னிரண்டாவது ஃபிரெட் கம்பியின் சரிபாதியில் இருக்கிறது. சேடிலின் மேல் வளைவைத் தொடக் கூடாது. அடிப்பக்கத்தை மட்டப்பலகைமேல் உப்புத்தாள் விரித்துத் தேய்க்க வேண்டும், கொஞ்சம் தேய்த்து, போட்டுப் பார்த்து, மறுபடி கொஞ்சம். கழுத்து வளைந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டு, அப்படித்தான் செய்தேன். நட்டை மட்டும் நான் தொடவில்லை. அதற்கென்று மெல்லிய அரம் வேண்டும். பாண்டியில் கிட்டார் ரிப்பேர் செய்கிறவரிடம் கொடுத்து வாங்கினேன். நீ வாசித்துப் பார்த்தால் அதே கிட்டார்தானா என்று கேட்பாய்.

சுதி நிற்காததற்குக் காரணம் நட்டுப் பள்ளத்தில் கம்பி சிக்கிச் சிக்கி இறங்குவது. பென்சில் கரியைப் பள்ளத்தில் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும். மந்தமான சத்தத்துக்குப் பழைய கம்பிதான் காரணம். துரு விரலில் ஒட்டியது. புதுக் கம்பி ஒரு செட் சில நூறு ரூபாய். உனக்கு 10-இல் தொடங்கும் மெல்லிய செட் போட்டிருக்கிறேன், அதாவது மிக மெல்லிய கம்பியின் தடிமன் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு. 12-இல் தொடங்கும் செட்டை முழுச் சுதிக்கு ஏற்றினால் ஆறு கம்பியும் சேர்ந்து எழுபது கிலோவுக்கு மேல் இழுக்கும். விரலுக்கும் பாரம், பிரிட்ஜுக்கும் பாரம்.

பண்ருட்டிப் பலாமரம் வீணை செய்யத் தஞ்சாவூருக்குப் போவது உனக்குத் தெரியும். வீணையில் 24 மெட்டையும் மெழுகில் பதித்திருப்பார்கள். வருஷங்கள் போனால் மெழுகு இறங்கும், சுரம் பிசகும். அப்போது மேளம் கட்டுகிறவரிடம் கொடுத்து மெழுகைப் புதிதாகப் போட்டு மெட்டுகளைத் திரும்பப் பதிப்பார்கள். சுரம் பிசகியது என்று யாரும் வேறு வீணை வாங்கப் போவதில்லை.

மரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். விரல்பலகைக்கும் பிரிட்ஜுக்கும் உலகமே தேடுகிற ஈட்டி மரம், அதாவது ரோஸ்வுட், நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது. முதிர்வதற்குப் பல பத்து ஆண்டுகள் ஆகும். 2017-இல் அந்த இனத்தையே உலக வணிகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள், செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்குக் கொடுத்தார்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் பண்ருட்டிப் பக்கம் பலாத் தோப்புகளைச் சாய்த்ததைப் பார்த்தவன் நான். ஒரு மரம் வளரும் காலம் எவ்வளவு என்று அன்றைக்குத்தான் ஊருக்கே உறைத்தது. வாசிக்காமல் உறைக்குள் கிடக்கிற கிட்டாரைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். ஆபீஸில் வேலை நெருக்குகிற மாதங்களில்தான் நீ கிட்டார் பார்க்க ஆரம்பிக்கிறாய். புதுசு வந்தால் மறுபடி தினமும் வாசிப்பேன் என்று நம்புகிறாய். அந்த நம்பிக்கை நல்லதுதான். ஆனால் பார்சல் வந்த சில வாரங்களில் கார்டு மாற்றுவது பழைய இடத்திலேயே நிற்கிறது, நீ சோர்ந்துபோகிறாய், அப்புறம் அடுத்ததைத் தேடுகிறாய். அந்த மாதிரி ராத்திரிகளில் எனக்கு போன் பண்ணு. எத்தனை மணியானாலும் பரவாயில்லை. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அரைகுறையாகவே வாசி, நான் கேட்கிறேன்.

வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. இருக்கிறது செய்யாத வேலையைச் செய்கிற ஒன்றாக இருந்தால் வாங்கு. நைலான் கம்பிக் கிட்டார் வேண்டுமா, நியாயம். முழுப்பலகை வேண்டுமா, அதுவும் நியாயம். யமஹாவிலேயே எஃப்ஜி 800-க்கு ஸ்ப்ரூஸ் முழுப்பலகை. இந்த நான்குக்கும் கொடுத்த பணத்தில் அது ஒன்று வந்திருக்கும். ஆனால் புனேயின் சித்திரைக் காற்று வறண்டது, முழுப்பலகை ஈரம் இழந்தால் சுருங்கி வெடிக்கும். பெட்டிக்குள் 45-இலிருந்து 55 சதவீதம் ஈரப்பதம் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பொறுப்பை ஏற்க முடிகிற வருஷத்தில் வாங்கு.

அந்த இரண்டாவது 38 அங்குலக் கிட்டாரைப் பக்கத்துத் தெருவில் கோயில் பாடகர் குழுவில் பாடுகிற பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று அம்மா கேட்கிறாள். சின்னக் கைக்கு அது பொருந்தும். நீ சரி என்றால் கொடுத்துவிடுகிறோம். மூன்றாவதற்கும் புதுக் கம்பி போட்டு வைத்திருக்கிறேன், நீ ஊருக்கு வரும்போது வாசிக்க இங்கேயே இருக்கட்டும். எஃப் 310-ஐ அண்ணன் அடுத்த வாரம் புனே வரும்போது கொண்டுவருவான். பயணத்துக்காகக் கம்பியை இறக்கித்தான் அனுப்புகிறேன். வந்ததும் ஒரு நாள் அறையிலேயே வைத்துவிட்டு, அப்புறம் மெதுவாகச் சுதிக்கு ஏற்று. கம்பி ஃபிரெட்டில் பட்டு இரைந்தால் உடனே சொல், சேடிலுக்கு அடியில் வைக்க மெல்லிய துண்டு ஒன்று உறையின் பையில் போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா