செம்போத்துப் பக்கம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. தீபாவளிக்கு அனுப்பிய பட்சணப் பார்சல், அந்த முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பி வந்துவிட்டது. கதவு மாற்றித் தட்டியிருப்பார்கள் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் இந்த ஆண்டு தண்ணீர் நிறைய. ரேடியல் சாலையோரம் நின்று பார்த்தேன். நாமக்கோழிகள் கூட்டம் கூட்டமாக மிதக்கின்றன. பூநாரை இன்னும் கண்ணில் படவில்லை. பட்டால் முதலில் உன்னைத்தானே கூப்பிட வேண்டும்? நாற்பது நாளாக நீ போனை எடுப்பதில்லை.

அல்லிக்குளத்துப் பழைய புத்தகக் கடையில் சாலிம் அலியின் பறவைப் புத்தகத்தை அறுபது ரூபாய்க்கு வாங்கியபோது உனக்கு எட்டு வயது. 1941-இல் முதலில் வந்த புத்தகம். நமக்குக் கிடைத்தது முதுகு கிழிந்த பிந்தைய பதிப்பு. சிட்டுக்குருவி, புல்புல், மைனா, காகம் என்று தெரிந்த பறவைகளை வைத்தே மற்றவற்றின் அளவைச் சொல்லி, பெரிதென்றால் கூட்டல், சிறிதென்றால் கழித்தல் குறி போட்டிருப்பார். தம்பி பிறந்த அன்று தொட்டிலை எட்டிப் பார்த்து "காகம் கூட்டல்" என்றாய். ஆங்கிலம் புரியாத இடத்தில் என்னைக் கேட்டு, ஓரத்தில் பென்சிலால் தமிழில் எழுதிக்கொள்வாய். அன்று பிடித்தது, 2015-இல் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து ஒரு பொங்கலுக்கும் நீ அதைத் தவறவிட்டதில்லை. 2022-இல் நம் சதுப்புநிலம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது போனில் அழுதாயே, என் மகள் என்று தெருவெல்லாம் சொன்னேன். அப்படிப்பட்டவளுக்குப் பெற்றவர்களுக்கு இரண்டு வரி எழுத நேரமில்லையா? இரவு கண் விழிக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு.

பாப்பா, பிளஸ் டூ படிக்கும்போது அந்தப் புத்தகம் காணாமல் போனதே, தம்பி தொலைக்கவில்லை. மதிப்பெண் குறைந்துவிடும் என்று பயந்து நான்தான் வேட்டியில் சுற்றிப் பரணில் அண்டாவுக்குள் வைத்தேன். ஒன்பது வயதுப் பிள்ளையை நீ அடித்தபோது பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். பரீட்சை முடிந்ததும் கொடுத்திருக்கலாம். எந்த முகத்தோடு கொடுப்பது என்றே இத்தனை ஆண்டு போய்விட்டது. இதைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த தம்பி இந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு என்னையே பார்க்கிறான்.

நேற்று இறக்கினேன். இராமபாணப் பூச்சி அட்டையை அரித்திருக்கிறது, உள்ளே படங்கள் நன்றாகவே இருக்கின்றன. செம்போத்துப் பக்கத்தில் "அப்பா சொன்னார்" என்று உன் கோணல் எழுத்து.

எங்கே இருக்கிறாய், ஏன் மாறினாய் என்று கேட்கமாட்டேன். வேலையைப் பற்றியும் கேட்கமாட்டேன். புத்தகம் அனுப்ப ஒரு முகவரி மட்டும் எழுது.

அப்பா
வேளச்சேரி