லாத்தா மக்சிக்கைச் சீண்டிப் படம் எடுக்கும் தம்பி தங்கைகளுக்கு

அன்புள்ள தம்பி தங்கைகளே,

தீபாவளித் திறந்த இல்ல விருந்துக்கு வரும் மலாய் மக்சிக்குகளில் (மலாய் அத்தைமாரில்) சிலருக்கு லாத்தா, அதாவது திடுக்கிட்டால் சொல்லும் செயலும் தன் வசத்தில் இல்லாமல் போகும் நிலை, உண்டு என்பது நம் தாமானில் (குடியிருப்பில்) எல்லாருக்கும் தெரியும். பின்னாலிருந்து இடுப்பில் ஒரு குத்து விட்டால் போதும். வாயில் வரக்கூடாத சொல் வந்துவிடும். எதிரே நிற்பவர் கையைத் தூக்கினால் அவரும் தூக்குவார், சொன்னதையே திருப்பிச் சொல்வார், ஆடச் சொன்னால் ஆடுவார். நீங்கள் அதைக் கைப்பேசியில் பிடித்துப் போடுகிறீர்கள். நிறுத்துங்கள்.

"அவங்களும் சிரிக்கிறாங்களே அக்கா" என்பீர்கள். அத்தனை பேர் முன்னால் மானம் போன பெண் சிரிக்காமல் வேறு என்ன செய்வார்?

நடிப்பு என்றும் சொல்கிறீர்கள். ஆய்வாளர்களுக்குள்ளும் இந்த வாக்குவாதம் உண்டு. 1978இல் மைக்கேல் கென்னி, இதைச் சமூகம் கொடுத்த வேடமாகப் பார்த்தார். 1980இல் ரொனால்ட் சைமன்ஸ் அதை மறுத்தார்: திடுக்கிடுவது எல்லா உடம்பிலும் உள்ள அனிச்சைச் செயல், சிலருக்கு அது மிகச் சுலபமாகக் கிளம்பும், ஊர் அதைப் பிடித்துக்கொண்டு வளர்க்கிறது என்றார். எனக்கு அவர் சொல்வதே சரியாகப் படுகிறது. இது மலாய்க்காரர்களின் பலவீனமும் அல்ல. அமெரிக்காவின் மேய்ன் காடுகளில் மரம் வெட்டிய பிரெஞ்சு வம்சாவளியினரிடம் இதைப் போன்ற ஒன்றை ஜார்ஜ் பியர்ட் 1880இல் கண்டார். அங்கும் கூட இருந்தவர்களுக்குச் சீண்டுவதுதான் பொழுதுபோக்கு.

பிரிட்டிஷ் மலாயாக் காலத்துப் பதிவு ஒன்றைப் படித்த பிறகு என்னால் இந்தப் படங்களைப் பார்க்க முடியவில்லை. கப்பல் சமையல்காரர் ஒருவருக்கு லாத்தா. தன் குழந்தையைக் கையில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தார். கப்பலாள் ஒருவன் எதிரே நின்று, ஒரு விறகுக் கட்டையைக் குழந்தைபோல் ஏந்தித் தூக்கிப் போட்டுப் பிடித்தான். இவரும் குழந்தையைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார். கடைசியில் அவன் கையை விரித்துக் கட்டையைக் கீழே விட்டான். இவர் கையும் விரிந்தது. தளத்தில் விழுந்த குழந்தை பிறகு அசையவில்லை.

நம் வீட்டு அடுப்படியில் மக்சிக் கொதிக்கும் எண்ணெய்க்குப் பக்கத்தில் நிற்கிறார். பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கிறார். கத்தியால் வெங்காயம் நறுக்கித் தருகிறார். உங்கள் விளையாட்டு அங்கேதான் நடக்கிறது.

போட்ட படங்களை இன்றே நீக்குங்கள். வரும் தீபாவளிக்கு யாராவது அவர் பின்னால் பதுங்கிப் போனால், பெரியவரே ஆனாலும் கையைப் பிடித்து நிறுத்துங்கள். என் பெயரைச் சொல்லியே நிறுத்துங்கள்.

அன்புடன்,
உங்கள் தாமான் அக்கா